கப்பல் கொண்டை

என் தம்பி பொண்டாட்டி சேதுலட்சுமிக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு ஊருக்குள்ள பேசுறாய்ங்கள்ல, அவய்ங்கள்ல ஒருத்தன்கூட அன்னைக்கு தனுஷ்கோடி மணல்ல நிக்கல. நான் நின்னேன். ஊர் வாய மூட உலைமூடி இல்லன்னு இத்தன நாளும் பேசாமத்தான் இருந்தேன். ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிடுறதக் கேட்டுக்கிட்டு இருக்க இனிமே எனக்குப் பொறுமை இல்ல.

நான் கருத்தம்மா. எங்க ஊரு அபிராமத்துக்குத் தெக்கே உள்ள தள்ளி. மழை பேஞ்சா மொளகா, பேயாட்டி கருவேல மரத்த வெட்டிக் கரி மூட்டம் போடுறது, இதுதான் பொழப்பு. என்னையக் கட்டுனவன் குடிச்சே போய்ச் சேந்தான். பிள்ளையும் இல்ல. மூட்டையக் கட்டிக்கிட்டுப் பொறந்த வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப, தம்பி முனியசாமி ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. சேது மட்டும், மதினி, கஞ்சி ஆறிப்போகுது, கையக் கழுவுங்கன்னா. அன்னைக்கு உக்காந்தவதான், இன்னும் அங்கனதான் இருக்கேன்.

மழை ரெண்டு வருசம் பொய்ச்சுது. மொளகாச் செடி நின்ன எடத்துலயே கருகிப்போச்சு. தம்பி பாம்பனுக்குப் போயி விசைப்படகுல கூலிக்குச் சேந்தான். கண்மாய்த் தண்ணிக்கு மேல தண்ணியே பாக்காத பய. நான் வேணாம்னேன். கடல்ல என்னக்கா இருக்கு, எல்லாம் தண்ணிதானன்னு சிரிச்சான். ரெண்டாயிரத்து அஞ்சு கார்த்திகையில போன படகு திரும்பல. போனது நாலு பேரு. ஒருத்தன் ஒடம்பு மட்டும் மண்டபம் பக்கம் ஒதுங்குச்சு. எந்தம்பியும் மத்த ரெண்டு பேரும் என்ன ஆனாகன்னு தெரியல. ஒரு பலகைகூட கரைக்கு வரல.

ஒடம்பு வராட்டி என்ன நெனைப்பீக? எங்க பக்கம் எல்லாரும் நெனைக்கிறதத்தான் சேதுவும் நெனைச்சா. இலங்கைக்காரன் பிடிச்சு எங்கயோ செயில்ல வச்சிருப்பான். அப்படி நடக்காமலும் இல்ல. தங்கச்சிமடத்துல ஒருத்தனுக்கு சர்ச்சுல பூசை எல்லாம் வச்சு முடிச்ச பெறகு, ஒரு மத்தியானம் அவனே தாடியும் அழுக்குமா நடந்து வந்து சோறு கேட்டானாம். இந்தக் கதைய யாரு வந்து சொன்னாகளோ, சேது அத மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டா. தாலிக்கு மஞ்சள் தேச்சுக் குளிக்கிறப்பல்லாம் அதையேதான் சொல்லுவா.

எங்க பெரியய்யா கூத்தையாவுக்கு இது பொறுக்கல. சொந்தத்துல மூத்தவரு, நல்லது கெட்டதுக்கு அவரு சொல்லுதான். சேது மக ராமலெட்சுமிய முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு எடத்துல கேட்டிருந்தாக. நல்ல எடம். ஆனா பையன் வீட்டுல ஒரே பேச்சு. பிள்ளையோட ஆத்தா சபையில எப்படி நிப்பா, பூ வச்சா, வைக்காமயா? ஒண்ணு இங்கிட்டு, இல்ல அங்கிட்டு, ரெண்டுங்கெட்டானா நிக்கக்கூடாதுன்னுட்டாக. பெரியய்யா நாளக் குறிச்சுட்டாரு. ஆடி அமாவாசைக்கு சேதுக்கரைக் கடலோரம் வச்சு, வைக்கோல்ல முனியசாமியச் செஞ்சு, அவன் சட்டைய மாட்டிக் கொள்ளி வைக்கிறது. சேது கழுத்துத் தாலியக் கழட்டி வாங்கிர்றது.

சேது குரல ஒசத்தல. "ஒடம்பக் காட்டுங்க மாமா. நானே கழட்டித் தாரேன்"னா.

நான் அவ பக்கம் நின்னேன். ஏன் நிக்க மாட்டேன்? எனக்குத் தாலி வாங்குனது எனக்குத்தான தெரியும். மாட்டுக் கொட்டத்துல உக்கார வச்சு, தலையோட துணியப் போட்டு மூடி, ஏற்கெனவே தாலி அறுத்த பொம்பளைகளா சுத்தி நின்னு, ஒருத்தி கையப் பிடிக்க, ஒருத்தி வளையல ஒடைக்க, ஒருத்தி கழுத்துல கைய விட்டு இழுத்தா. கட்டுன குடிகாரனுக்காக நான் ஒரு சொட்டு அழுகல. அந்தக் கை கழுத்துக்குள்ள வந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் அழுதேன். சேது கழுத்துல எவ கையாவது பட்டுச்சு, அந்தக் கை முழங்கையோட இருக்காதுன்னு பெரியய்யா மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அடங்காப்பிடாரின்னாரு. ஆமான்னேன்.

இப்படி இருக்கையிலதான் சினிமாக்காரக வந்தாக. பிரான்சு தேசத்துக்காரக. ராமநாதபுரத்துல பெரிய சமையல் எடுக்குற சலாஹுதீன் பாய், தனுஷ்கோடியில அவுகளுக்குப் பொங்கிப் போடணும், வெங்காயம் உரிக்க, ஏனம் கழுவப் பொம்பளையாளு வேணும்னு எங்க பக்கம் சொல்லி விட்டாரு. ஆனி மாசம், வேற வேலை வெட்டி இல்ல. சேது முந்திக்கிட்டுக் கெளம்பிட்டா. வேலைக்கா போனா? பாம்பனத் தாண்டித்தான போகணும், படகுக்காரகக்கிட்ட எல்லாம் புருசன விசாரிக்கலாமேன்னு போனா. அவளத் தனியா விட மனசு கேக்காம நானும் போனேன்.

ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல வெறும் மணலு. அங்கன ஓலக் கொட்டகை போட்டு அடுப்பு. படம் எடுக்குறது தள்ளி, இடிஞ்ச சர்ச்சுக்கு அந்தப் பக்கம். எங்களக் கிட்ட விட மாட்டாக. காலிதாங்கிற ஒரு பிள்ளைதான் அப்பப்ப வந்து ரெண்டு வார்த்த பேசும். காரைக்கால்க்காரப் பிள்ள. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துல இருந்தே அவுக வீட்டுல அந்தப் பாஷை பேசுவாகளாம். அவுக பேசுறத எங்களுக்கும் நாங்க பேசுறத அவுகளுக்கும் மாத்திச் சொல்றது அது வேலை. என்ன கதைம்மா எடுக்குறீகன்னு நாந்தான் கேட்டேன். எரநூறு வருசத்துக்கு முந்தி ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி, பாண்டிச்சேரியில இருந்து புருசனோட கப்பல் ஏறி, இந்தத் திட்டுல கப்பல் ஒடஞ்சு கரை ஒதுங்குறாளாம். கற்பனைக் கதைதான் அக்கான்னுச்சு.

வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்த சேது கை நின்னுபோச்சு. அவ புருசன் என்ன ஆனான்னு கேட்டா. அவன் முங்கிட்டான், ஒடம்பு கெடைக்கலன்னு காலிதா சொன்னா. பிள்ளைக்கு என்ன தெரியும், சொல்லிட்டு டீய வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. 

அவுக துணிமணிக்குப் பொறுப்பா வயசான ஒரு வெள்ளக்காரம்மா. வாயில எப்பவும் நாலு குண்டூசி. பேரு எனக்கு வாயில நுழையல, ஊசிக்காரம்மான்னே வச்சுக்கிட்டேன். ஒரு நா அது பாய்கிட்ட வந்து மைதா மாவு கேட்டு வாங்கிட்டுப் போச்சு. கொண்டாந்த பவுடர் தீந்துபோச்சாம். எதுக்குன்னு பாய்க்கும் வெளங்கல. பலகாரம் சுடப் போறாக போல, நம்ம சோறு எறங்கலையோ என்னமோன்னு மனுசன் சங்கடப்பட்டாரு.

மறுநா வெயிலு நல்லா ஏறிருச்சு. மணல்ல கால் வைக்க முடியல. நானும் சேதுவும் மணல்ல தோண்டுன ஊத்துல குடத்த நெரப்பிக்கிட்டு மேட்டு மேல ஏறுனோம். அப்பத்தான் அவளப் பாத்தது.

தன்னந்தனியா ஒருத்தி வாரா. புறாக்கழுத்துக் கலருல பட்டு. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் பட்டு அகண்டு கெடக்கு, உள்ளுக்குள்ள கோழிக்கூடையக் கட்டி விட்ட மாதிரி. நம்ம வீட்டு வாசல்ல அவ நேரா நுழைய முடியாது, ஒருச்சாச்சுத்தான் போகணும். நெஞ்சக் கயிறு போட்டு இறுக்கி மூச்சு மேல மேல வாங்குது. மூஞ்சி, கழுத்து, முடி எல்லாம் சாம்பல் பூசுன வெள்ள. கன்னத்துல கருப்பா ஒரு பொட்டு. முடிய ஒரு மொழத்துக்கு மேல ஒசத்திக் கட்டி, அந்த உச்சியில ஒரு கப்பல். பாய் விரிச்சு, கயிறு இழுத்து, கொடி எல்லாம் வச்ச கப்பல். கழுத்து ஆடல. கண்ணு கடல் மேல. வெறுங்கால்ல கொதிக்கிற மணல மிதிச்சுக்கிட்டு, மெல்ல மெல்லத் தண்ணியப் பாத்து நடந்து வாரா.

நீங்களா இருந்தா என்ன நெனைப்பீகளோ தெரியாது. எங்க ஊருக்காரிக்கு ஒண்ணுதான் தோணும். பிள்ள வரம் வேணும்னா மண்ணுல பிள்ள செஞ்சு தலையில சுமப்போம். மாடு பொழைக்கணும்னா மண் மாடு. எது தொலைஞ்சுச்சோ, எது வேணுமோ, அது உருவத்தச் செஞ்சு சாமி வரைக்கும் சுமக்கணும். திருநீறு பூசி, திருஷ்டிக்குப் பொட்டு வச்சு, வெறுங்கால்ல சுமக்கணும். அப்படி ஒருத்தி வந்தா அவ எந்த ஊரு, எந்தச் சாதின்னு கேக்க மாட்டோம். குடத்துத் தண்ணிய அவ கால்ல ஊத்திக் கும்பிடுவோம். சுமக்குறவ கால் வேகக்கூடாது. அந்தப் புண்ணியத்துல பாதி ஊத்துறவளுக்கும் வரும்.

சேது குடத்த இடுப்போட அணைச்சுக்கிட்டா. மேட்டுல இருந்து எறங்கி ஓடுனா. இடுப்புல குடம் தளும்புது, முந்தானை பறக்குது, ஓடுறா. அங்கிட்டு இருந்து ஏதோ கத்துனாக.  நான் போறதுக்குள்ள அவ அந்த வெள்ளக்காரி முன்னால குனிஞ்சு, குடத்தச் சாச்சு, மொத்தத் தண்ணியையும் கால்ல ஊத்திட்டா. பட்டு நனைஞ்சு மணல்ல ஒட்டுது. சேது அந்தப் பட்டுல உதுந்து கெடந்த வெள்ளைய ரெண்டு விரல்ல தொட்டு நெத்தியில வச்சா, தாலியிலயும் வச்சுக்கிட்டா. கையக் கூப்பி, தாயி, உன் கப்பலு கரை சேரட்டும், எனக்கும் எம் புருசன் வரணும், உன்னைய மாதிரியே நானும் படகு சுமந்து கொண்டாந்து கடல்ல எறக்குறேன்னு வேண்டிக்கிட்டா. வாய்விட்டுத்தான் சொன்னா. நான் காதால கேட்டேன்.

ஆளுக ஓடி வந்து சேதுவத் தள்ளி விட்டாக. குடையோட ஒருத்தன், துண்டோட ஒருத்தி. சலாஹுதீன் பாய் லுங்கியத் தூக்கிக்கிட்டு யா அல்லா யா அல்லான்னு ஓடி வாராரு. கேமராக்காரன் மட்டும் அந்தப் பெட்டியில இருந்து கண்ண எடுக்காம அப்படியே நின்னான். அந்த வெள்ளக்காரி நகரல. ஈர மணல்ல காலப் பொதைச்சு வச்சுக்கிட்டு, கண்ண மூடி நின்னுக்கிட்டு இருந்தா. என்னமோ சொன்னா. கால் வெந்துக்கிட்டு இருந்துச்சாம், யாருக்கும் சொல்லலையாம், நல்லா இருந்துச்சாம்னு பின்னால காலிதா சொல்லுச்சு.

பாய் எங்களக் கையோட வண்டியேத்தி விடுறேன்னு நின்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவரு பொழப்பு அது. ஊசிக்காரம்மாதான் வேணாம்னு கையக் காட்டிட்டு எங்க கொட்டகைக்கே வந்துச்சு, காலிதாவக் கூட்டிக்கிட்டு. நனைஞ்ச பட்டு கையில. கோவமாத்தான் வந்துச்சு. ஏன் ஊத்துனான்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், நடந்ததெல்லாம் சொன்னேன், தம்பியப் பத்தியும் சொன்னேன். காலிதா மாத்திச் சொல்லச் சொல்ல அந்தம்மா வாயில இருந்த ஊசிய ஒண்ணொண்ணா எடுத்துத் துணியில குத்துச்சு. பெறகு எதுத்தாப்புல உள்ள அரிசி மூட்டையில உக்காந்துக்கிட்டுச்சு.

அது வேண்டுதலே இல்லையாம். அந்தக் காலத்துல இவுக தேசத்துக்காரக இங்கிலீஷ்காரனோட கடல்ல சண்டை போட்டாகளாம். ஒரு கப்பலு நல்லா நின்னு அடிச்சுச்சாம். அந்தச் சந்தோசத்துக்கு, பெரிய எடத்துப் பொம்பளைக கொண்டையில கப்பல் வச்சு விருந்துக்குப் போனாகளாம். உள்ளுக்குள்ள கம்பி, பஞ்சு, மேல சவுரி முடி, அதுக்கு மேல மாவு. சாம்பல் இல்ல, மாவு. நெசமாவே அரைச்ச மாவு, அதுவும் ஊருல ரொட்டிக்கு மாவு இல்லாம சனம் கெடந்த காலத்துல. கன்னத்துப் பொட்டு அழகுக்கு. இந்தப் படத்துல சீமாட்டிக்குக் காய்ச்சல் கண்டு, கப்பல் ஒடஞ்ச மணல்ல பழைய விருந்துக்குப் போற மாதிரி ஒரு கனவு. அந்தக் கனவத்தான் அன்னைக்கு எடுத்தாகளாம்.

இன்னொண்ணும் அந்தம்மா மறைக்காமச் சொல்லுச்சு. அந்தக் கப்பல் கொண்டைய நெசமா எத்தன பேரு வச்சாகன்னு அதுக்கே நிச்சயமாத் தெரியாதாம். கேலிக்கு வரைஞ்ச படம்தான் நெறைய மிஞ்சியிருக்கு. அதப் பாத்துத்தான் இப்ப எல்லாரும் தைக்கிறாகளாம். சினிமான்னா சனம் அந்தக் கப்பலத்தான் கேக்குதாம்.

சேது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. நெத்தியில மைதா அப்படியே இருக்கு.  சாமின்னு நெனைச்சுக் கால்ல விழுந்தா, சிங்காரமாம். நான் அந்தம்மாவத் திட்டத்தான் வாயெடுத்தேன். சேது என் கையப் பிடிச்சுட்டா.

"எந்தத் தண்ணியில எறக்குவாக?"ன்னு கேட்டா.

அந்தம்மாவுக்கு மொதல்ல புரியல. காலிதா ரெண்டு தடவ சொன்ன பெறகு தலைய ஆட்டுச்சு. எறக்குறதெல்லாம் இல்லையாம். கொஞ்ச நாள் தலையில இருக்கும், படுக்கக்கூட முடியாம உக்காந்தபடியே தூங்குவாகளாம். அதுக்குள்ள வேற மோஸ்தர் வந்திரும். கலைச்சுப் போட்டுட்டு அடுத்தது.

சேது நெத்தியில இருந்த மாவ ஒரு விரலால தொட்டுப் பாத்தா. பெறகு, "அந்தச் சண்டையில செத்தவுகளும் இருப்பாகல்ல. அவுக பொண்டாட்டிமாரு தலையில என்ன வச்சாக?"ன்னா.

 காலிதா சேது மூஞ்சியப் பாத்துட்டு மெல்ல மாத்திச் சொன்னா. ஊசிக்காரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுச்சு. அது பதில் சொன்னதுல ஜம்பமும் இல்ல, சமாளிப்பும் இல்ல. தெரியாது, அவுகள யாரும் படம் வரையல, வரைஞ்சிருந்தா நான் அதையும் தச்சிருப்பேன்னுச்சு.

படம் முடிஞ்சு கெளம்புற அன்னைக்கு அந்தம்மா ஒரு பெட்டிய எடுத்துக்கிட்டு வந்துச்சு. உள்ள அந்தக் கப்பலு. சேதுகிட்ட நீட்டுச்சு. நான் வாங்கிக்கன்னு கண்ணக் காட்டுனேன். சேது அதத் தொட்டுக் கும்பிட்டா, ஆனா வாங்கல. அது செயிச்சு வந்த கப்பலும்மா, எனக்கு வேண்டியது திரும்பாத படகுன்னுட்டா. அந்தம்மா அவ கன்னத்தத் தடவிக் குடுத்துட்டுப் போச்சு.

அன்னைக்குத் திரும்பி வாரப்ப பாம்பன்ல எறங்கி யாரையும் அவ விசாரிக்கல. எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்துச்சு.

வேண்டுனது வேண்டுனதுதான், சொன்ன எடம் தப்பா இருந்தா என்னன்னு சேது சொல்லிட்டா. காஞ்ச தென்னம்பாளை ஒண்ண எடுத்து, ரெண்டு முனையையும் சேத்துக் கட்டுனா. பனமட்டையச் சீவி உள்ள ஒரு அறை வச்சா. தம்பி போன படகு நீலக் கலரு, அதே கலர வாங்கிப் பூசுனா. ராமலெட்சுமி பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். ஊரு என்னமாப் பேசுச்சுன்னு கேக்காதீக, வெறும் வாய மெல்லுறவளுக்கு அவலு கெடச்ச மாதிரி. சினிமாக்காரன் மை போட்டுட்டான்னா ஒருத்தி. வெள்ளக்காரிய சாமின்னு கும்பிட்டவளுக்கு வேற எப்படி ஆகும்னா இன்னொருத்தி. பெரியய்யா மட்டும் அந்தப் படக ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுப் போனாரு. ஆனா நாள மாத்தல.

ஆடி அமாவாசைக்கு எல்லாருமா வேன்ல போனோம். திருப்புல்லாணியில சேது எறங்கிக்கிட்டா. அங்கன இருந்து சேதுக்கரை வரைக்கும் நடக்கணும்னா. கோயில் கொளத்துல முங்கிட்டு, பச்சச் சேலையோட, படகத் தலையில வச்சுக்கிட்டு வெறுங்கால்ல நடந்தா. நான் பின்னாலயே போனேன், மனசுக்குள்ள சண்டைக்குத் தயாரா. சேதுக்கரையில வைக்கோல்த் தம்பி கெடப்பான், சுத்தி அந்தப் பொம்பளைக நிப்பாளுக, எவ கைய நீட்டுனாலும் விடுறதில்லன்னு. பாக்கு வெட்டுற கத்தியக்கூட மடியில வச்சிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இருந்துட்டுப் போகுது.

ரோட்டோரம் வீட்டுப் பொம்பளைக வெளிய வந்தாக. யாரு, என்ன வேண்டுதல்னு ஒருத்தியும் கேக்கல. தலையில சுமை, வெறுங்காலு, அம்புட்டுத்தான் அவுகளுக்கு வேணும். குடத்தோட வந்து சேது கால்ல தண்ணி ஊத்துனாக. ஒரு வீட்டு முன்னால ஒரு முஸ்லிம் அம்மாவும் செம்புல கொண்டாந்து ஊத்துச்சு. சேது நிக்கல, குனியல, கழுத்து ஆடல. கண்ணு மட்டும் நெறஞ்சு வழியுது.

கரையில கூட்டம். ஊரு ஊரா வந்து செத்தவுகளுக்குத் தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்காக. ஒரு ஓரமா வைக்கோல்ல எந்தம்பி படுத்திருக்கான், கட்டம் போட்ட நீலச் சட்டையில.  அந்தப் பொம்பளைக துணியும் கையுமா எந்திரிச்சாளுக. நான் முன்னால போயி நின்னேன்.

சேது அவுகளையும் பாக்கல, என்னையும் பாக்கல. நேரா கடலுக்குள்ள எறங்குனா. இடுப்பளவு தண்ணிக்குப் போயி, படக எறக்கித் தண்ணி மேல வச்சா. அலை அதக் கரைக்கே தள்ளுச்சு. மறுபடி விட்டா, மறுபடியும் தள்ளுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் பாருங்க, போக மாட்டேங்குது, தம்பி உயிரோட இருக்கான்னு. மதினி, இங்கன வாங்கன்னு கூப்புட்டா. போனேன். படக என் ரெண்டு கையிலயும் குடுத்துப் பிடிக்கச் சொன்னா. பிடிச்சேன். அவ கழுத்துக்குப் பின்னால கைய விட்டு, அவளே முடிச்ச அவுத்தா. அறுக்கல, அவுத்தா. தாலிய மஞ்சக்கயிறோட சுத்தி, அந்தப் பனமட்டை அறைக்குள்ள வச்சா.

அடிப்பாவி, என்னடி செய்யிறன்னு கத்துனேன். யாரு கையும் படாமக் காப்பாத்துறேன்னு நின்னவ நான். இவ கையே படும்னு நான் நெனைக்கல.

"தலையில ஏத்துனா எறக்கணும்ல மதினி. எறக்காமச் சுமந்தா அது வெறும் சிங்காரம்"னா.

விடுங்கன்னா. எங் கை விடல. சத்தியமா விடல. இத்தன நாளும் சேதுவுக்காகச் சண்டை போட்டேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன், எனக்குத்தான் எந்தம்பி வேணும்னு அந்தத் தண்ணிக்குள்ள நிக்கிறப்பத்தான் தெரிஞ்சுச்சு. அக்கா, உனக்கென்னக்கான்னு வந்து நிக்கணும் அவன். வாயத் தொறந்து அழுதேன். சேது என் வெரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டா. அப்ப அடிச்ச காத்துல படகு கொஞ்சம் தெக்க திரும்பி, அலையத் தாண்டிப் போயிருச்சு. நீலமாத் தெரிஞ்சுச்சு, பெறகு தெரியல. கரையில பெரியய்யா துண்ட வாயில வச்சுக்கிட்டுக் குந்திட்டாரு. துணியோட எந்திரிச்ச பொம்பளைக துணியச் சுருட்டிக்கிட்டு ஒதுங்கிட்டாளுக, அவுகளுக்கு அங்கன ஒரு வேலையும் இல்ல.

தை மாசம் ராமலெட்சுமி கல்யாணம் நடந்துச்சு. சேது அதே பச்சச் சேலையில சபையில நின்னா. பூ இல்ல, பொட்டு வச்சிருந்தா. முகம் சுழிச்சவுக உண்டு, பக்கத்துல நான் நின்னதால சத்தம் வரல.

அதுக்கு மறுவருசம் காலிதா வந்துச்சு, கையில ஒரு சிடி. படம் வந்திருச்சாம், ஊசிக்காரம்மா குடுத்து விட்டுச்சாம். எங்க வீட்டு டிவியில போட்டோம். பேசுறது ஒண்ணும் வெளங்கல. நடுவுல அந்தப் புறாக்கழுத்துப் பட்டு வந்துச்சு, கப்பல் கொண்டையோட கடலப் பாத்து நடக்குறா. இந்த எடத்த வெட்டியிருப்பாக, நனைஞ்ச துணிய யாரு காட்டுவான்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கையிலயே, மேட்டுல இருந்து ஒருத்தி எறங்கி ஓடி வாரா. கைத்தறிச் சேலை, இடுப்புல குடம், பறக்குற முந்தானை. நம்ம சேது. வெட்டல. கேமராக்காரன் கண்ண எடுக்காம நின்னானே, அத அப்படியே வச்சிருக்காக. அவ குனியிறா, குடத்தச் சாய்க்கிறா, வெள்ளைய எடுத்து நெத்தியில வைக்கிறா. குனிஞ்ச வாக்குல அவ கழுத்துல இருந்து தாலி வெளிய வந்து ஆடுது, வெயில்ல பளிச்சுன்னு. அதுலயும் வெள்ளையத் தொட்டு வைக்கிறா.

எனக்குத் தாங்கல. நிப்பாட்டும்மான்னு காலிதாகிட்டச் சொன்னேன். தரையில கைய ஊணி எந்திரிக்கப் போனேன், நானே போயி டிவிய அமத்திருவோம்னு.

சேது என் கையப் பிடிச்சு உக்கார வச்சா. டிவியிலேயே கண்ணு. வெறும் கழுத்துல ஒரு கைய வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா.

"அவ கழுத்துல இருக்கட்டும் மதினி"ன்னா.